படிப்புக்கு நிறம் உண்டா?

ரொட்டிக்கு ஒரு பாடம்

அமெரிக்காவில் பால்டிமோர் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. 1826ஆம் ஆண்டு அந்த நகரத்துக்கு ஒரு கறுப்பினச் சிறுவன் வந்தான். அவனுக்கு வயது எட்டு. பெயர் பிரெடரிக். அவன் ஓர் அடிமை. ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் எடுபிடி வேலை செய்ய அவனை அனுப்பியிருந்தார்கள்.

அந்த வீட்டு அம்மாவுக்கு நல்ல மனசு. அவர் பிரெடரிக்குக்கு எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தார். சிறுவன் சீக்கிரமே சின்னச் சின்ன சொற்களை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

இது வீட்டுக்காரருக்குத் தெரிந்தது. அவர் கோபப்பட்டார். அடிமைக்குப் படிக்கத் தெரிந்தால் அப்புறம் அவன் அடிமையாக இருக்க மாட்டான் என்று மனைவியிடம் சொன்னார். பாடம் நின்றது.

ஆனால் அவர் சொன்னது சிறுவனின் காதில் விழுந்தது. படிப்பில் ஏதோ பெரிய சக்தி இருக்கிறது, அதனால்தான் இவர்கள் பயப்படுகிறார்கள் என்று அவன் புரிந்துகொண்டான்.

தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகள் விளையாடுவார்கள். அவர்களுக்குப் பசி. இவனுக்கு எழுத்தின் மேல் பசி. வீட்டிலிருந்து ரொட்டி எடுத்துப் போவான். ரொட்டியைக் கொடுத்துப் பாடம் கேட்பான். கப்பல் கட்டும் இடத்தில் மரத்துண்டுகளில் தச்சர்கள் அடையாள எழுத்து போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து எழுதப் பழகினான்.

1838ஆம் ஆண்டு அவர் அடிமைத்தனத்திலிருந்து தப்பிப் போனார். 1845இல் தன் வாழ்க்கைக் கதையைத் தானே எழுதி வெளியிட்டார். அவர்தான் பிரெடரிக் டக்ளஸ். அடிமை முறையை எதிர்த்துப் பேசிய பெரிய தலைவர்களில் ஒருவர்.

ஒரு சிறுவனுக்கு எழுத்து சொல்லித் தர ஏன் அவ்வளவு பயம்? அந்தப் பயம் பின்னால் என்ன செய்தது? அதன் விளைவு இன்றைய பள்ளிப் பிள்ளைகள் வரை எப்படி வந்தது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எழுத்துக்குப் போட்ட பூட்டு

ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்து வந்து அமெரிக்காவில் விற்றார்கள். புகையிலைத் தோட்டம், பருத்திக் காடு, நெல் வயல் எல்லாவற்றிலும் அவர்களே உழைத்தார்கள். 1860ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் அடிமைகள் இருந்தார்கள்.

1740ஆம் ஆண்டிலேயே தெற்குக் கரோலினா பகுதியில் ஒரு சட்டம் வந்தது. அடிமைக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தால் 100 பவுண்டு அபராதம். 1831இல் வர்ஜீனியா மாநிலத்தில் அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். அந்தக் காலத்தை ஒட்டித் தென் மாநிலங்கள் பலவற்றில் இப்படிப்பட்ட சட்டங்கள் இன்னும் கடுமையாயின.

படிக்கத் தெரிந்தவர் செய்தித்தாள் படிப்பார். ஊர் விட்டு ஊர் போகும் அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வார். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார். அதனால்தான் எழுத்துக்குப் பூட்டு போட்டார்கள்.

1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. உடனே மக்கள் பள்ளிக்கூடம் தேடி ஓடினார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். பகலில் வயல் வேலை, இரவில் பாடம்.

1870ஆம் ஆண்டு கணக்கெடுப்பைப் பாருங்கள். கறுப்பின மக்களையும் மற்ற வெள்ளையர் அல்லாதவர்களையும் சேர்த்து எண்ணினார்கள். அவர்களில் 100க்கு 80 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை. வெள்ளையரில் அப்படி இருந்தவர்கள் 100க்கு 12 பேருக்கும் குறைவு.

1900ஆம் ஆண்டில் அந்த 80 பேர் சுமார் 45 ஆகக் குறைந்தார்கள். 1940இல் 12க்கும் கீழே வந்தது. 1979இல் 2க்கும் கீழே வந்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஆனாலும் இது பெரிய சாதனை.

இதில் மக்களின் உழைப்பு நிறைய. 1912 முதல் 1932 வரை தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காகச் சுமார் 5,000 பள்ளிகள் எழுந்தன. ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற வணிகர் பணம் கொடுத்தார். அரசும் ஒரு பங்கு போட்டது. ஊர் மக்களும் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். பணம் இல்லாதவர்கள் மரம் கொடுத்தார்கள். உடல் உழைப்பைக் கொடுத்தார்கள்.

கடையின் பின்னறையில் ஒரு வகுப்பு

எழுத்துக்கு ஒரு பூட்டு போனது. இன்னொரு பூட்டு வந்தது.

கறுப்பின மக்களின் பள்ளி தனி. வெள்ளையரின் பள்ளி தனி. 1896ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இப்படித் தனித்தனியாக வைப்பது சரிதான் என்று தீர்ப்பு சொன்னது. இரண்டும் சமமாக இருந்தால் போதும் என்றது. ஆனால் சமமாக இல்லை. ஒரு பக்கம் நல்ல கட்டடம், புதுப் புத்தகம். மறுபக்கம் ஒழுகும் கூரை, கிழிந்த பழைய புத்தகம்.

ஓட்டுப் போடுவதற்கும் படிப்பையே தடையாக வைத்தார்கள். தென் மாநிலங்கள் பலவற்றில் வாக்காளர் பட்டியலில் சேர ஒரு தேர்வு உண்டு. சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். முதலில் நல்ல பள்ளி தர மாட்டார்கள். பிறகு படிக்கத் தெரியவில்லை என்று ஓட்டும் தர மாட்டார்கள்.

தெற்குக் கரோலினாவில் ஜான்ஸ் தீவு என்று ஓர் இடம். அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பஸ் ஓட்டினார். வேலைக்குப் போகிறவர்கள் அதில் நகரத்துக்குப் போவார்கள். அதில் ஒரு பெண்மணி அவரிடம், எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள், நான் ஓட்டுப் போட வேண்டும் என்று கேட்டார்.

1957 ஜனவரியில் அந்தத் தீவில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் வகுப்பு தொடங்கியது. முன்னால் கடை. பின்னால் பாடம். வெளியே தெரிந்தால் தொல்லை வரும் என்பதால் இந்த ஏற்பாடு. முதல் வகுப்பில் 14 பெரியவர்கள் சேர்ந்தார்கள். பாடம் நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் தலைமுடி அழகு செய்யும் தொழில் செய்தவர். ஆசிரியர் பயிற்சி பெற்றவர் இல்லை. நாம் சேர்ந்தே கற்றுக்கொள்வோம் என்று அவர்களிடம் சொன்னார். செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை இந்த வகுப்புகளைப் பல ஊர்களுக்குக் கொண்டு போனார். உரிமைச் சங்கத்தில் இருந்ததற்காக 1956இல் வேலை இழந்தவர் அவர்.

என்ன படித்தார்கள்? தன் பெயரை எழுதினார்கள். தபாலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்பினார்கள். ஓட்டுத் தேர்வுக்கான சட்ட வரிகளைப் படித்தார்கள். தங்களுக்கு எது தேவையோ அதையே படித்தார்கள். அதனால் படிப்பு சீக்கிரம் வந்தது.

1965ஆம் ஆண்டு ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. தென் மாநிலங்களில் அந்தத் தேர்வு ஒழிந்தது.

ஐந்து ஆண்டு பூட்டிக் கிடந்த பள்ளிகள்

பிள்ளைகளின் பள்ளி என்ன ஆனது?

வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்று ஒரு மாவட்டம். அங்கே கறுப்பின மாணவர்களுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்காகக் கட்டியது. 1951இல் அதில் 450 பேர் படித்தார்கள். இடம் போதவில்லை. தார் அட்டை போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. மழை பெய்தால் ஒழுகும்.

பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி இதைப் பொறுக்கவில்லை. 1951 ஏப்ரல் 23ஆம் நாள் மாணவர்களைக் கூட்டினாள். எல்லோரும் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். வழக்குப் போட்டார்கள். வேறு நான்கு இடங்களின் வழக்குகளோடு அதுவும் சேர்ந்தது. 1954 மே 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நிறம் பார்த்துப் பள்ளியைப் பிரிப்பது சட்டத்துக்கு எதிரானது என்றது.

அந்த மாவட்டம் என்ன செய்தது தெரியுமா? 1959இல் எல்லா அரசுப் பள்ளிகளையும் மூடியது. சேர்ந்து படிக்க விடுவதைவிடப் பள்ளியே இல்லாமல் இருப்பது மேல் என்று நினைத்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கினார்கள். சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. சிலர் வெளியூரில் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். சிலர் தேவாலயங்களில் கொஞ்சம் படித்தார்கள். பலர் வயலுக்குப் போனார்கள்.

1963இல் நன்கொடைப் பணத்தில் இலவசப் பள்ளிகள் திறந்தன. 1964இல் நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகுதான் அரசுப் பள்ளிகள் திறந்தன. 1959இல் 6 வயதாக இருந்த குழந்தைக்கு இப்போது 11 வயது. அந்த வயதிலும் எழுத்து தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள்.

இப்போது ஒரு கேள்வி. அந்த 11 வயதுப் பிள்ளைக்கு ஒரு தேர்வு வைத்தால் என்ன ஆகும்? மதிப்பெண் குறையும். அதைப் பார்த்து இந்தப் பிள்ளைக்கு மூளை குறைவு என்று சொல்வது நியாயமா? பூட்டியது யார், குறை யாருடையது?

2004ஆம் ஆண்டு வர்ஜீனியா அரசு ஓர் உதவித்தொகைத் திட்டம் கொண்டு வந்தது. பள்ளி மூடியதால் படிப்பு இழந்தவர்களுக்காக. அப்போது அவர்களில் பலருக்கு ஐம்பது வயதுக்கு மேல். சிலர் மீண்டும் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்

பிள்ளைகள் எந்த அளவுக்குப் படிக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சோறு வெந்ததா என்று பார்க்கப் பானை முழுவதையும் சாப்பிட மாட்டோம். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்போம். பெரிய அண்டா என்றால் மேலே, அடியில், ஓரத்தில் என்று பல இடத்தில் எடுத்துப் பார்ப்போம். அமெரிக்க அரசும் அப்படித்தான் செய்தது.

தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு என்று ஒரு திட்டம். 1971ஆம் ஆண்டு முதல் வாசிப்பைச் சோதித்தார்கள். நாடு முழுவதும் பல பள்ளிகளிலிருந்து 9 வயது, 13 வயது, 17 வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பத்தி கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்தது புரிந்ததா என்று கேள்வி கேட்டார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே மாதிரியான கேள்விகளைக் கேட்டார்கள். அப்போதுதான் பழைய காலத்தோடு ஒப்பிட முடியும்.

இது பாஸ், பெயில் தேர்வு அல்ல. எந்தப் பிள்ளைக்கும் தனி மதிப்பெண் தர மாட்டார்கள். கூட்டத்தின் சராசரியை மட்டும் சொல்வார்கள். அளவு 0 முதல் 500 வரை.

சராசரி என்றால் என்ன? ஐந்து பேர் பருத்தி எடுக்கிறார்கள். ஒருவர் 10 கிலோ, ஒருவர் 20, ஒருவர் 30, ஒருவர் 40, ஒருவர் 50 கிலோ. மொத்தம் 150 கிலோ. ஐந்து பேருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு 30 கிலோ. அதுதான் சராசரி. ஆனால் 30 கிலோ எடுத்தவர் ஒருவர் மட்டுமே. இதை மறக்கக் கூடாது. சராசரி ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். தனி மனிதரைப் பற்றிச் சொல்லாது.

எண்கள் சொல்லும் கதை

வாசிப்பில் 9 வயதுப் பிள்ளைகளின் சராசரியைப் பார்ப்போம்.

1971: வெள்ளையர் 214, கறுப்பினத்தவர் 170. இடைவெளி 44.
1980: வெள்ளையர் 221, கறுப்பினத்தவர் 189. இடைவெளி 32.
1988: வெள்ளையர் 218, கறுப்பினத்தவர் 189. இடைவெளி 29.
1999: வெள்ளையர் 221, கறுப்பினத்தவர் 186. இடைவெளி 35.
2012: வெள்ளையர் 229, கறுப்பினத்தவர் 206. இடைவெளி 23.

இனி 13 வயதுப் பிள்ளைகள்.

1971: வெள்ளையர் 261, கறுப்பினத்தவர் 222. இடைவெளி 39.
1988: வெள்ளையர் 261, கறுப்பினத்தவர் 243. இடைவெளி 18.
1999: வெள்ளையர் 267, கறுப்பினத்தவர் 238. இடைவெளி 29.
2012: வெள்ளையர் 270, கறுப்பினத்தவர் 247. இடைவெளி 23.

இந்த எண்களை மெதுவாகப் பாருங்கள். மூன்று விஷயம் தெரியும்.

முதலாவது, 1971 முதல் 1988 வரை 17 ஆண்டுகளில் 13 வயதுப் பிள்ளைகளின் இடைவெளி பாதிக்கும் கீழே வந்தது. 17 ஆண்டுகளில் ஒருவரின் நிறம் மாறாது. பிறப்பும் மாறாது. மாறியது பள்ளி. மாறியது வாய்ப்பு.

இரண்டாவது, வெள்ளைக்காரப் பிள்ளைகளின் எண்ணைப் பாருங்கள். 1971இல் 261. 1988இலும் 261. கறுப்பினப் பிள்ளைகள் 21 மதிப்பெண் ஏறினார்கள். அதனால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒரு மதிப்பெண் கூட இறங்கவில்லை. எங்கள் பிள்ளைகளோடு அவர்கள் சேர்ந்து படித்தால் எங்கள் படிப்பு கெடும் என்று சிலர் பயந்தார்கள். நாட்டுக் கணக்கில் அப்படி நடக்கவில்லை. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தால் நம் பயிர் வாடும். படிப்பு அப்படி இல்லை.

மூன்றாவது, 1988க்குப் பிறகு இடைவெளி மீண்டும் விரிந்தது. பிறகு கொஞ்சம் குறைந்தது. ஏறிய ஏணியில் கால் வைத்து நிற்காவிட்டால் சறுக்கும்.

ஏன் குறைந்தது? ஏன் நின்றது?

குறைந்ததற்குப் பல காரணங்களை அறிஞர்கள் சொல்கிறார்கள்.

தென் மாநிலங்களில் 1960களின் கடைசியிலும் 1970களிலும் பிள்ளைகள் உண்மையாகவே சேர்ந்து படிக்கத் தொடங்கினார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் நல்ல கட்டடமும் புத்தகமும் கிடைத்தன.

1965இல் ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு திட்டம் வந்தது. நம் ஊர் அங்கன்வாடியைப் போன்றது. பள்ளி வயதுக்கு முன்பே சாப்பாடு, மருத்துவம், பாட்டு, கதை எல்லாம் கிடைத்தன. அதே ஆண்டு ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகளுக்கு மத்திய அரசு கூடுதல் பணம் தந்தது.

பெற்றோரும் படித்தவர்கள் ஆனார்கள். முந்தைய தலைமுறையைவிட அதிக வகுப்பு படித்த தாய்மார்கள் வந்தார்கள். தாய் படித்தால் வீட்டில் புத்தகம் திறக்கும்.

டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை ஒரு சோதனை செய்தார்கள். சில வகுப்பில் 13 முதல் 17 பிள்ளைகள். சில வகுப்பில் 22 முதல் 25 பிள்ளைகள். யார் எந்த வகுப்பு என்பதைக் குலுக்கல் போலப் பிரித்தார்கள். சிறிய வகுப்பில் எல்லோரும் நன்றாகப் படித்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகமாக இருந்தது.

பிறகு ஏன் நின்றது?

அமெரிக்காவில் பள்ளிக்கான பணத்தில் கணிசமான பங்கு அந்தந்த ஊரின் வீட்டு வரியிலிருந்து வருகிறது. பணக்கார ஊரில் வரி அதிகம். அங்கே பள்ளிக்கும் பணம் அதிகம். ஏழை ஊரில் வரி குறைவு. 1930களில் அரசு அமைப்பு ஒன்று நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு நிறத்தில் காட்டியது. அங்கே வீட்டுக் கடன் கிடைப்பது கடினம் ஆனது. வீட்டுக்கு மதிப்பு இல்லை. மதிப்பு இல்லாத இடத்தில் வரி இல்லை. வரி இல்லாத இடத்தில் பள்ளிக்கு வசதி இல்லை. தாத்தாவுக்குக் கிடைக்காத கடன் பேரனின் பள்ளியில் வந்து நிற்கிறது.

பள்ளிகளைச் சேர்த்து வைக்கும் நீதிமன்ற உத்தரவுகள் 1991க்குப் பிறகு பல ஊர்களில் விலகின. பிள்ளைகள் மீண்டும் தனித்தனித் தெரு, தனித்தனிப் பள்ளி என்று பிரிந்தார்கள்.

2020இல் கொரோனா நோய் வந்தது. பள்ளிகள் மூடின. 9 வயதுப் பிள்ளைகளின் வாசிப்புச் சராசரி 2020இல் 220 ஆக இருந்தது. 2022இல் 215 ஆகக் குறைந்தது. வெள்ளையர், கறுப்பினத்தவர் என்று இரு தரப்புக்கும் குறைந்தது. ஆனால் முன்பே பின்தங்கி இருந்த பிள்ளைகளுக்கு அதிகம் குறைந்தது. மேலே இருந்தவர்கள் சுமார் 2 மதிப்பெண் இழந்தார்கள். கடைசியில் இருந்தவர்கள் சுமார் 10 மதிப்பெண் இழந்தார்கள். வெள்ளம் வந்தால் பள்ளத்தில் இருக்கும் குடிசைதான் முதலில் முழுகும்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி

அமெரிக்காவில் வேறு மக்களும் இருக்கிறார்கள்.

மெக்சிகோ முதலான நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் பல. அவர்களில் நிறையப் பேர் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுவார்கள். பள்ளியில் ஆங்கிலம். 1975இல் அந்த 9 வயதுப் பிள்ளைகளின் சராசரி 183. வெள்ளையருக்கு 217. இடைவெளி 34. 2012இல் அவர்கள் 208க்கு வந்தார்கள். இடைவெளி 21 ஆனது.

சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் சீன மொழி பேசும் பிள்ளைகளுக்குப் பாடம் புரியவில்லை. வழக்குப் போட்டார்கள். ஒரே புத்தகம் கொடுத்தால் மட்டும் சமம் ஆகாது, பிள்ளைக்குப் பாடம் புரிய வழி செய்ய வேண்டும் என்ற கருத்தில் 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

அந்த மண்ணின் பழங்குடி மக்கள் கதை இன்னும் துயரமானது. 1879இல் கார்லைல் என்ற ஊரில் அவர்கள் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி திறந்தார்கள். பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள். பெயரை மாற்றினார்கள். தாய்மொழி பேசத் தடை போட்டார்கள். பள்ளி என்றாலே அந்த மக்களுக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் பல தலைமுறை நீடித்தது. பள்ளிக் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே மரியாதையும் இருக்க வேண்டும்.

நம் நாட்டில்

இந்தக் கதை நமக்குப் புதிது அல்ல. எழுத்துக்குப் பூட்டு போட்டது நம் நாட்டிலும் நடந்தது. சாதி பார்த்துப் பூட்டினார்கள். பெண் என்று பூட்டினார்கள்.

மகாராஷ்டிராவில் ஜோதிராவ் பூலே, சாவித்திரிபாய் பூலே என்று ஒரு தம்பதி. 1848இல் புனே நகரத்தில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். 1873இல் பூலே ஒரு புத்தகம் எழுதினார். பெயர் குலாம்கிரி. அடிமைத்தனம் என்று பொருள். கறுப்பின மக்களின் அடிமைத்தளையை அறுத்த அமெரிக்க மக்களுக்கு அந்தப் புத்தகத்தைக் காணிக்கை ஆக்கினார். கடல் கடந்து இருந்தாலும் இரண்டு பூட்டும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்தது.

நம் மக்கள்தொகைக் கணக்கையும் பாருங்கள். 1991இல் 7 வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 52 பேர். தாழ்த்தப்பட்ட மக்களில் 37 பேர். பழங்குடி மக்களில் 30 பேர். 2011இல் மொத்தம் 73 பேர். தாழ்த்தப்பட்ட மக்களில் 66 பேர். பழங்குடி மக்களில் 59 பேர். தாழ்த்தப்பட்ட மக்களின் இடைவெளி 15இலிருந்து 7 ஆனது. பழங்குடி மக்களின் இடைவெளி 22இலிருந்து 14 ஆனது. ஆனாலும் 2011இல் பழங்குடிப் பெண்களில் 100க்கு 49 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்தது.

இங்கேயும் அதே பாடம்தான். இடைவெளி தானாக வரவில்லை. தானாகப் போகவும் இல்லை. மனிதர்கள் உண்டாக்கினார்கள். மனிதர்கள் குறைத்தார்கள். வேலையை நிறுத்தினால் குறைவதும் நிற்கும்.

அவன் பிள்ளைக்குப் படிப்பு வரும், நம் பிள்ளைக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாமே அப்படிச் சொல்லவும் கூடாது. பிரெடரிக்குக்குப் பாடத்தை நிறுத்தியவருக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தச் சிறுவனுக்குப் படிப்பு வரும் என்பது தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் பயந்தார்.

கூடிப் பேசுவோம்

1. பிரெடரிக் ரொட்டியைக் கொடுத்துப் பாடம் கேட்டார். நீங்கள் படிக்க வருவதற்கு எதை விட்டுக் கொடுத்தீர்கள்?
2. பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் பள்ளிகளை ஏன் மூடினார்கள்? அதனால் யாருக்கு நஷ்டம்?
3. 13 வயதுப் பிள்ளைகளின் எண்களை மீண்டும் படியுங்கள். எந்த ஆண்டில் இடைவெளி மிகவும் குறைவு?
4. உங்கள் ஊர்ப் பள்ளியில் எந்தத் தெருப் பிள்ளைகள் பாதியில் நின்றார்கள்? காரணம் என்ன? அவர்களை மீண்டும் அழைத்து வர என்ன செய்யலாம்?
5. இந்தப் பாடத்தின் ஒரு பகுதியை வீட்டில் பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று அடுத்த வகுப்பில் வந்து சொல்லுங்கள்.